காணிக்கைக்கு முன்னால் கூலி

அன்பான சபையாரே, நாளைக்கு அறுப்பின் பண்டிகை. நெல் மூட்டை வரும், வாழைத்தார், தேங்காய், பூசணி, கோழி எல்லாம் வந்து குவியும், ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். அதையெல்லாம் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. முதற்பலனைக் கொண்டுவா என்று சொன்னவர் கர்த்தர்தான். ஆனால் அவர் அதை மட்டும் சொல்லவில்லையே, வேறு பலதும் சொல்லியிருக்கிறாரே. கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டதால் அந்த வேறு பலதைப் பற்றித்தான் இன்று ராத்திரி பேசப்போகிறேன்.

1 சாமுவேல் 15ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். இஸ்ரவேலின் பகைவரான அமலேக்கியரை அழிக்கச் சொல்லி சவுல் ராஜாவுக்குக் கட்டளை. அந்தக் கட்டளையைப் படிக்கும்போது மனசு கனக்கிறது, அதை இன்னொரு நாள் நிதானமாகப் பேச வேண்டும். இன்றைக்கு சவுல் என்ன செய்தான் என்பதை மட்டும் பாருங்கள். கொழுத்த ஆடுமாடுகளைத் தப்பவிட்டான், உதவாததை எல்லாம் அழித்தான். அதாவது தனக்கு நஷ்டமில்லாத இடத்தில் எல்லாம் சரியாகக் கீழ்ப்படிந்துவிட்டான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து, என் காதில் விழுகிற இந்த ஆட்டுச் சத்தம் என்ன என்று கேட்டால், அது கர்த்தருக்குப் பலியிட வைத்திருக்கிறோம் என்கிறான்! எனக்குப் பயமாக இருக்கிற இடம் இதுதான். கீழ்ப்படியாமையைக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைக்கப் பார்க்கிறான். அப்போதுதான் சாமுவேல், பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சொல்கிறார்.

சரி, நம் களத்துக்கு வருவோம். இப்போது சம்பா அறுவடை பெரும்பாலும் மெஷின்தான். மெஷின்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை, வயலை விட்டு வண்டி ஏறுவதற்குள் எண்ணிக் கொடுத்துவிடுகிறோம், கொடுக்காவிட்டால் அடுத்த வயலுக்கு அவர் வரமாட்டார். ஆனால் சேற்றில் குனிந்து நட்ட அம்மாவுக்கும் களை பறித்த அக்காவுக்கும் மட்டும், அறுத்ததும் தருகிறேன், நெல்லுப் பணம் ஏறட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். யார் நம்மைக் கட்டாயப்படுத்த முடியுமோ அவருக்குக் கொடுக்கிறோம், யாரால் முடியாதோ அவரைக் காக்க வைக்கிறோம். லேவியராகமம் 19:13 கூலிக்காரன் கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது. விடியற்காலம்வரை! யாக்கோபு நிருபத்தில் 5ஆம் அதிகாரத்தைப் படித்தால் இன்னும் கடுமை. வயல் அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிக்கு எட்டியிருக்கிறது என்று இருக்கிறது. ஆலயத்தில் நாம் பாடுகிற பாட்டும் அதே செவிக்குத்தானே போகிறது?

கூலி என்றால் இந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை. கீழ்வெண்மணி இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஒரே குடிசைக்குள் எரிந்துபோனார்கள். தேவன் மாம்சமானார் என்று சபைகள் கொண்டாடிய அதே நாள் அது. நாம் தீ வைக்கவில்லை என்று சொல்லி நகர்ந்துவிட முடியுமா, எனக்குத் தெரிந்து முடியாது. கூலி கேட்பது குற்றமாகப் பார்க்கப்பட்ட ஊர்களில்தான் நம் சபைகளும் இருந்தன, வேதபுத்தகமும் நம் கையில் இருந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபப்படாதீர்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே முற்றிலும் ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். கீர்த்தனைகளை உருகிப் பாடியவர்கள், ஜெபத்தில் குறை வைக்காதவர்கள்! ஆனால் பக்கத்தில் உட்கார வேண்டியவர் யார், திருவிருந்தில் யார் உதடு பட்ட பாத்திரத்தில் குடிப்பது என்று வந்தபோது அவர்களால் முடியவில்லை. இன்றைக்கு பெஞ்சு ஒன்றாகிவிட்டது, கல்யாணப் பேச்சு எடுத்தால் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம், கீழ்ப்படிதல் என்றதும் சில மேடைகளில் ஊழியருக்குக் கீழ்ப்படி, கேள்வி கேட்காதே என்று முடித்துவிடுகிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. சபைப் போதகரான ஐயர் சொன்னாலும் வேதத்தை வைத்துப் பாருங்கள், நான் சொன்னாலும் பாருங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியது டென்மார்க் ராஜா. அதே ராஜாவின் கொடி பறந்த கோட்டையில் இருந்த தளபதிதான் அவரை நாலு மாதம் சிறையில் போட்டார். ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசப் போனது அதற்கு ஒரு காரணம். வாயை மூடிக்கொண்டு ஆலய வேலையை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு சிக்கலும் வந்திருக்காது. மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுரு சொன்னதும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்றுதான். சவுலோ, ஜனங்களுக்குப் பயந்தேன் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான்.

இதெல்லாம் செய்தால்தான் பரலோகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரட்சிப்பு கிருபை, அதற்கு நாம் விலை கொடுக்கவில்லை. நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்ளுங்கள் என்று இயேசு சொன்னார், அன்பைத்தான் முதலில் வைத்தார். அவரே கெத்செமனேயில் வியர்வை ரத்தத்துளிகளைப்போல் விழ, உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்றார். லேசாகச் சொன்ன வார்த்தை இல்லை அது. ஆகவே கீழ்ப்படிய கஷ்டமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அவருக்குப் புரியும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தம்பி என்னிடம், நெல் கொள்முதல் பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லையே, கையில் இல்லாததை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாளைக்கு ஏலம் எடுக்க வைத்திருக்கிற பணம் இருக்கிறதல்லவா, முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவும் பத்தாது என்றால் அந்த அம்மா வீட்டு வாசலுக்கு நீங்களே போங்கள், அவர்களை உங்கள் வாசலில் வந்து நிற்க விடாதீர்கள், இவ்வளவுதான் இருக்கிறது, மீதியை இந்தத் தேதியில் தருகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதன்படி கொடுங்கள். காலை ஆராதனை ஒன்பது மணிக்குத்தான், அதற்கு முன்னால் போய்வர நேரம் இருக்கிறது.