ஸ்டீபன் ஹைமரும் ஒரு தேதித் திருத்தமும்

(டெல்லி ஆர்.கே.புரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொருளாதாரம் கேட்க வந்திருக்கிறீர்கள், பெரிய மனசுதான். முனீர்காவிலிருந்து நடந்தே வந்தவர்களும் இருக்கிறீர்கள், குருகிராமிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். குருகிராம்காரர்களின் ஆபீஸைப் பற்றியும் இன்று கொஞ்சம் பேச்சு வரும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஸ்டீபன் ஹைமர் என்றொரு பொருளாதாரப் பேராசிரியர். 1934-இல் கனடாவின் மான்ட்ரியலில் பிறந்தவர். 1960-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். அது புத்தகமாக வந்தது 1976-இல். பார்க்க அவர் இல்லை. 1974-இல் கார் விபத்தில் இறந்துபோனார், நாற்பது வயது நிறையவில்லை.

ஒரு கம்பெனி எதற்காக வெளிநாட்டுக்குப் போய்த் தொழிற்சாலை கட்டுகிறது? இதுதான் அவர் கேட்ட கேள்வி. வட்டி எங்கே அதிகமோ அங்கே பணம் போகும் என்பது அந்தக் காலத்துப் பதில். ஹைமர் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். வெளியே போன அமெரிக்கக் கம்பெனிகள் பல, போன இடத்திலேயே கடன் வாங்கின. வட்டிக்காகப் போகிறவன் அங்கேயே போய்க் கடன் வாங்குவானா? கம்பெனி விரும்புவது கட்டுப்பாடு என்றார் ஹைமர். போட்டியைக் குறைக்க வேண்டும், தன்னிடம் உள்ள தனித் திறமை கைமாறிவிடக் கூடாது. அதற்காகத்தான் அது நேரில் வருகிறது.

பிற்காலத்தில் இன்னும் காரமாக எழுதினார். அவருடைய முக்கியமான கட்டுரை ஒன்று 1972-இல் ஜகதீஷ் பகவதி தொகுத்த நூலில் வந்தது. நம்ம டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்திய அதே பகவதிதான், சுதந்திர வணிகத்தின் பெரிய வக்கீல். எதிர்க்கருத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார், பாராட்டத்தான் வேண்டும்.

பன்னாட்டுக் கம்பெனிக்குள் மூன்று அடுக்கு உண்டு என்கிறது அந்தக் கட்டுரை. அன்றாட உற்பத்தி கீழ் அடுக்கு. ஆளும் சந்தையும் மூலப்பொருளும் கிடைக்கும் இடமெல்லாம் அது பரவும். அதை ஒருங்கிணைக்கும் நடு அடுக்கு பெரிய நகரங்களில் உட்காரும். குருகிராம் கண்ணாடிக் கட்டடங்கள் இதில் சேர்த்தி. முடிவெடுக்கும் மேல் அடுக்கோ மூலதனச் சந்தைக்கும் ஊடகத்துக்கும் அரசாங்கத்துக்கும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

நோக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கியது. 2013-இல் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவு செய்தார்கள். வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரித்துறையைக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம், அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்கு வந்துபோன பெண்கள் யாரிடம் போய் முறையிடுவது? தொழிலை விற்கும் முடிவு பின்லாந்தில் எடுத்தது.

சரி, அரசாங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 2014 மார்ச்சில் நம்ம டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. லண்டனைச் சேர்ந்த வேதாந்தா என்ற சுரங்கக் கம்பெனியின் பிடியில் இருந்த ஸ்டெர்லைட், சேசா கம்பெனிகளிடம் காங்கிரஸும் பா.ஜ.க.வும் நன்கொடை வாங்கியது, கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்கத் தடை போடும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. இரண்டு கட்சிகளும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடின. பட்ஜெட்டோடு வரும் 2016 நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவு நுழைந்தது. ஒரு கம்பெனி இயங்கும் துறைக்கு அரசு அனுமதித்த வரம்புக்குள் அந்நியப் பங்கு இருந்தால் அந்தக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனியே அல்ல என்றது அது. பல துறைகளில் அந்த வரம்பு எவ்வளவு தெரியுமா? நூறு சதவீதம். மொத்தப் பங்கும் லண்டனில் இருந்தாலும் கம்பெனி உள்ளூர்தான். கட்டுப்பாடு யார் கையில் என்று பார்க்கச் சொன்ன ஹைமர் இதைப் படித்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அந்தத் திருத்தம் 2010 செப்டம்பர் 26 முதல்தான் செல்லும். நன்கொடையோ அதற்கு முன்பே வாங்கியாயிற்று. அப்புறம் என்ன செய்தார்கள்? 2018 நிதிச் சட்டத்தில் அந்தத் தேதியை எடுத்துவிட்டு, பழைய வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் அமலுக்கு வந்த 1976 ஆகஸ்ட் 5 என்று போட்டார்கள். அவ்வளவுதான். நாற்பது ஆண்டுக்கு மேல் பின்னோக்கிப் போய்ப் பழைய கணக்கெல்லாம் சுத்தமாகிவிட்டது. அமளிக்கு நடுவே மக்களவை விவாதமே இல்லாமல் அதை நிறைவேற்றியது. அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சிகளுக்கும் ஒரே தேதியில் நிம்மதி!

அப்படியானால் அந்நியக் கம்பெனியே வேண்டாமா என்று பின் வரிசையில் ஒருவர் கேட்கப் போகிறார், முகத்திலேயே தெரிகிறது. 1968-இல் கனடா அரசுக்காக மெல் வாட்கின்ஸ் தலைமையில் அறிக்கை எழுதிய குழுவில் ஹைமரும் இருந்தார். யாரையும் விரட்டச் சொல்லவில்லை அந்தக் குழு. கம்பெனிகள் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும், அவற்றைக் கவனிக்க அரசில் தனி அமைப்பு வேண்டும் என்றது.

திறந்து காட்டுவது நம் ஊரிலும் நடக்காத காரியமல்ல. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கம்பெனி நன்கொடை மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2017-இல் நீக்கியிருந்தார்களே, அந்த நீக்கமும் சேர்ந்து போனது. மார்ச்சில் பத்திரம் வாங்கியவர்கள், அதைப் பணமாக்கிய கட்சிகள் பட்டியல் வெளிவந்தது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். எது வெளிநாட்டுக் கம்பெனி, எது உள்நாட்டுக் கம்பெனி என்று பிரிக்க உட்கார்ந்தால் 2016 வரையறை குறுக்கே வந்து நிற்கும். அதைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் இப்போது கேட்கலாம், மைக் அந்தப் பக்கம் வருகிறது.