கன்று வீசினால் கொடியை எடுத்து வையுங்கள்

"மாடு கன்று வீசிடுச்சு டாக்டர்" என்று, அதாவது சினை கலைந்து கன்று குறைமாதத்தில் விழுந்துவிட்டது என்று போன் வந்தால், நான் முதலில் கேட்பது நஞ்சுக்கொடி எங்கே என்றுதான். "ஆலமரத்துல கட்டியாச்சுங்களே" என்பார்கள். அந்தக் கொடியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மனிதருக்கு நஞ்சுக்கொடி ஒரே தட்டாக இருக்கும். மாட்டுக்கு அப்படியில்லை. கருப்பையின் உட்சுவரில் 80 முதல் 120 வரை சிறு மொட்டுகள் இருக்கின்றன. கன்றின் சவ்வு ஒவ்வொரு மொட்டிலும் பொத்தான் போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும். கன்றுக்கு மூச்சும் உணவும் அந்தப் பொத்தான்கள் வழியாகத்தான். ஆனால் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் அவற்றைத் தாண்டிப் போகாது. கன்று விழுந்ததும் சீம்பால் கொடுங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

இந்தப் பிடிப்பு சினை ஊசி போட்டு 20 நாளைக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே, 16ஆம் நாள் வாக்கில், நூல் போல நீண்ட கரு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து தான் இருப்பதைக் கருப்பைக்குத் தெரிவிக்க வேண்டும். அது போதாமல் போனால் மாடு மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஊசி பிடிக்கவில்லை என்கிறோம். பல மாடுகளில் பிடித்துத்தான் இருந்தது, கருதான் நிலைக்கவில்லை.

சரி, ஐந்து மாதத்துக்கு மேல் வீசினால்? முதல் சந்தேகம் புருசெல்லா. 1897இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் கண்டுபிடித்த கிருமி. மாட்டின் கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைப் பொருள் நிறைய உண்டு. அதைத் தின்று கிருமி அங்கே கோடி கோடியாகப் பெருகும். கொடி அழுகும், கன்று சாகும். அந்தக் கொடியை வெறுங்கையால் இழுத்தவருக்கு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரலாம்.

பால் மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்று கட்டுகிறீர்கள். மாட்டின் மேலுள்ள பாசம் அது, எனக்குப் புரிகிறது. ஆனால் வீசிய கொடி அங்கே தொங்கினால் காக்கை கொத்தும், நாய் இழுக்கும். நாய் மூலம் பரவி மாட்டைக் கன்று வீச வைக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியும் இருக்கிறது.

கையுறை போட்டுக் கொடியில் ஒரு துண்டை ஐஸில் வைத்து மருத்துவரிடம் கொடுங்கள். மீதியைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்குப் புருசெல்லா தடுப்பூசி இருக்கிறது; தவறாமல் போடுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை பாலை நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள். அந்த மாட்டைச் சந்தைக்கு மட்டும் ஓட்டாதீர்கள், வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும்.