பீரோவுக்கு அடியில் போன பந்து

(மழலையர் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, தகப்பன்மார்களே, பேரப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் மகனுக்கு அப்போது நாலு வயது. ஒரு நாள் அவன் பந்து பீரோவுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. குப்புறப் படுத்துக் கையை நுழைத்தான்; எட்டவில்லை. உட்கார்ந்து காலை நீட்டினான்; பந்து இன்னும் உள்ளே போனது. மறுபடி படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ அடுப்பில் பால். "நகருடா" என்று சொல்லி, ஒட்டடைக்குச்சியை விட்டு ஒரே தள்ளு. பந்து வெளியே வந்தது. சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து போய்விட்டான்.

சில நாள் கழித்து அதே பீரோ, அதே பந்து. அன்றைக்கு என் மாமியார் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவன் போய் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவர் எழுந்திருக்கவே இல்லை. "கை எட்டலையா சாமி? கையைவிட நீளமா நம்ம வீட்டுல என்ன இருக்கு, பாரு" என்றார். மறுபடி கீரையில் குனிந்துகொண்டார். பிள்ளை முதலில் கரண்டி கொண்டுவந்தான், போதவில்லை. பூரிக்கட்டை கொண்டுவந்தான், அதுவும் போதவில்லை. அப்புறம் தாத்தாவின் குடை. அது எட்டியது. ஆனால் குத்தக் குத்தப் பந்து சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் குடையையே பார்த்தான். திருப்பிப் பிடித்து, வளைந்த கைப்பிடியை உள்ளே விட்டு இழுத்தான். பந்து வந்தது. "பாட்டி, குடைக்குக் கொக்கி இருக்கு!" என்று அவன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான் பயிற்சி பெற்ற ஆசிரியை. என் மாமியார் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். அன்று அவர் செய்தது என்னவென்று எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது.

1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்ட வேண்டும். தனியாக விட்டால் அந்த வயதில் முடியாத வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எப்படி உதவுகிறார் என்பதை அவர்கள் கவனித்தார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் நமக்குப் பழக்கமான சொல்தான்: சாரம். கட்டடத்துக்குக் கொத்தனார் கட்டுவாரே, அந்தச் சாரம். சுவர் எழும்பும்வரை தாங்கும், எழும்பியதும் அவிழ்த்துவிடுவார்கள்.

வுட் தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வும் ஒன்று உண்டு. பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுவதும், பிள்ளைக்குக் கைவந்ததும் ஒரு படி குறைப்பதுமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகள், பிறகு தனியாகவே நன்றாகக் கட்டினார்கள். என்ன படி? முதலில் "ம், செய் பார்க்கலாம்" என்று ஒரு சொல். போதவில்லையென்றால் "இதைவிடச் சின்னது வேணுமோ?" என்று ஒரு குறிப்பு. அதுவும் போதவில்லையென்றால் இந்தக் கட்டை என்று விரலால் காட்டுவது. அதற்கும் அப்புறம்தான் எடுத்துப் பொருத்திக் காட்டுவது. என் மாமியார் இரண்டாம் படியில் நின்றார். நான் ஏறிய வேகத்தில் கடைசிப் படிக்கே போயிருந்தேன்.

சொல்லிக்கொடுப்பதே தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை, அதற்கும் ஒரு விலை உண்டு. 2011-இல் அமெரிக்காவில் எலிசபெத் பொனவிட்சும் அவருடைய குழுவினரும், பல வேலை செய்யும் ஒரு புது பொம்மையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். இன்னொரு இடத்தில் முகம் தெரியும் கண்ணாடி. விளக்கு எரியும், இசையும் வரும். "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று பெரியவர் கீச்சுச் சத்தத்தை மட்டும் செய்துகாட்டப் பார்த்த பிள்ளைகள், பெரும்பாலும் அதோடு நின்றுவிட்டார்கள். தற்செயலாகச் சத்தம் வந்ததுபோல் பார்த்த பிள்ளைகள் அதிக நேரம் விளையாடினார்கள், மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். பெரியவர் சொல்லிவிட்டால் இதற்குமேல் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. நம்மேல் அவ்வளவு நம்பிக்கை அதற்கு!

பிள்ளை ஒரு வேலையில் முக்கிக்கொண்டிருக்கும்போது தனக்குத்தானே பேசும், கவனித்திருக்கிறீர்களா? "இது இங்க... இல்ல இல்ல... அந்தப் பக்கம்..." உடனே நாம், "தனியா என்னடி புலம்பல்?" என்கிறோம். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, வேலைக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு தடங்கலை வைத்துப் பார்த்தார். வரைகிற பிள்ளைக்குத் தேவையான வண்ணப் பென்சில் இருக்காது. தடங்கல் வந்ததும் அந்தத் தனிப்பேச்சு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ஒரு குழந்தை நீலப் பென்சிலைத் தேடிக் காணாமல், சிவப்பாலேயே வரைந்து தண்ணீரால் நனைத்தால் கறுத்து நீலம்போலத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாம். அந்தப் பேச்சில்தான் யோசனை நடக்கிறது. குறுக்கே நாம் பேசினால் நூல் அறுந்துவிடும்.

1939-இல் நம் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் உருளைக்கட்டைகள் எங்கள் வகுப்பில் இருக்கின்றன. ஒரு மரச்சட்டத்தில் பத்துக் குழி, பத்து உருளை. சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் ஒரு பெரிய உருளை குழியில் இறங்காமல் கையிலேயே நிற்கும். "தப்பு" என்று டீச்சர் சொல்லவே வேண்டாம். போன வருஷம் ஒரு சிறுமி அந்தக் கடைசி உருளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் உருளையைப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள்.

எல்லா நேரமும் காத்திருக்க முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். அடுப்பு, கிணறு, கத்தி, வண்டி வரும் தெரு என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் தூக்குங்கள். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் பிள்ளையைச் சோதிக்காதீர்கள். வேன் ஹாரன் அடிக்கும்போது சட்டைப் பொத்தானை நீங்களே போடுங்கள். அந்தப் பொத்தானை ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பிள்ளை போடட்டும். அண்ணனும் தம்பியும் ஒரு சைக்கிளுக்கு அடித்துக்கொண்டால், நாட்டாமை பண்ணித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வழி உருப்படியாக இருக்காது. "சரி, வேற?" என்று கேளுங்கள். மூன்றாவது வழி பல நேரம் நமக்கே தோன்றியிராத வழியாக இருக்கும்.

நான் பேசியது போதும். பக்கத்து வகுப்பறையில் பாய் விரித்து மரக்கட்டைகளும் உருளைகளும் மூடி போட்ட டப்பாக்களும் வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளையோடு போய் அரை மணி நேரம் உட்காருங்கள். கை தானாக நீளும், எனக்கும் நீளும். அதனால் வாசலில் ஆளுக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை வைத்திருக்கிறேன், உருவிக்கொண்டே இருங்கள்.