அரிப்புக்கு ஸ்கேன் கிடையாது, ஒரே ஒரு கேள்விதான்!

இந்த வீடியோ முடிவதற்குள் நீங்கள் ஒரு தடவையாவது எங்கேயாவது சொறிவீர்கள். பந்தயம்! அரிப்பைப் பற்றிப் பேசினாலே அரிக்கும், கொட்டாவி மாதிரி தொற்றிக்கொள்ளும். ஜெர்மனியில் ஒரு பொதுக்கூட்டத்தில் பூச்சிப் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டே, உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை தடவை சொறிகிறார்கள் என்று கேமரா வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பாவம், நன்றாகவே சொறிந்திருக்கிறார்கள்.

(காதோரம் சொறிந்தபடி) சரி, விஷயத்துக்கு வருவோம்.

எக்ஸிமா என்கிற தோல் அழற்சி நோய் இருப்பவரைப் படுத்தி எடுப்பது அரிப்புதான். ஆனால் சிவப்பு, தடிப்பு, சொறிந்த தடம் எல்லாம் டாக்டர் கண்ணுக்குத் தெரியும், அரிப்பு தெரியாது. எக்ஸிமா எவ்வளவு தீவிரம் என்று சொல்ல ஈஸி (EASI) என்று ஒரு ஸ்கோர் இருக்கிறது, 0 முதல் 72 வரை, தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்துப் போடுவது. அதில் அரிப்புக்கு ஒரு மார்க்கூட இல்லை!

அப்புறம் எப்படி அளப்பது? கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்கிற விதம் இருக்கிறதே, அங்கேதான் சூட்சுமம். "அரிப்பு எப்படி இருக்கு?" என்றால், "பரவாயில்லை டாக்டர்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் பகலில், டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பலருக்கும் அது கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். ராத்திரி 2 மணிக்கு முழங்கை மடிப்பைப் பிறாண்டி, காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளியைப் பார்த்த கதை அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போய்விடும். அதனால் கேள்வி இப்படி: "கடந்த 24 மணி நேரத்தில் அரிப்பு உச்சத்தில் இருந்தபோது எவ்வளவு? 0 என்றால் இல்லவே இல்லை, 10 என்றால் இதைவிட மோசம் இருக்கவே முடியாது." இப்போது அதே ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு "எட்டு" என்பார்.

என் எட்டும் உங்கள் எட்டும் ஒன்றா? இல்லை, அது தேவையும் இல்லை. என் எட்டு அடுத்த தடவை நாலாகிறதா என்பதுதான் கணக்கு. 4 புள்ளி இறங்கினால் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது என்று ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் போன தடவை சொன்ன எண்ணை யாராவது ஃபைலில் எழுதி வைத்திருந்தால்தானே? என்னைக் கேட்டால், ரத்த அழுத்தம் மாதிரி ஒவ்வொரு தடவையும் குறிக்க வேண்டும், பத்து விநாடிகூட ஆகாது.

போயம் என்று 7 கேள்விப் படிவமும் உண்டு, ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரிப்பு, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது என்று கேட்கும். ராத்திரி சொறிவதை எண்ணுகிற கைப்பட்டை சென்சார்கூட வந்துவிட்டது, ஆனால் அது எண்ணுவது சொறிதலை, அரிப்பை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொறியாமல் கிடப்பவரை அது என்ன செய்யும்?

சரி, எத்தனை தடவை சொறிந்தீர்கள்? கமெண்டில் போடுங்கள். எனக்கு மூன்று.