இரண்டு வீட்டில் பிறக்கும் ஓர் ஒலி

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். கிண்ணியாவில் இருந்து வந்த நண்பர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பெயரைக் கடன் வாங்குகிறேன்: அக்பர். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'அக்' என்னும்போது அடிநா எழும்பி அண்ணத்தை அடைக்கிறது. 'பர்' என்னும்போது உதடு மூடித் திறக்கிறது. இரண்டு மெய், இரண்டு வேலை.

இப்போது 'அ' என்று நீட்டி நிறுத்துங்கள். அப்புறம் 'க்பர்' என்று ஒரே வெடிப்பாகச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், நைஜீரியாவின் இக்போ மக்கள் தங்கள் மொழியின் பெயரையே இப்படித்தான் சொல்கிறார்கள். இ, அப்புறம் க்போ. நாவும் உதடும் சேர்ந்தே அடைக்கும். 2006 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் ஐவரி கோஸ்டுக்கு ஆடிய ட்ரொக்பாவை நம் திருமலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பெயரின் கடைசியிலும் இதே ஒலிதான். நாம் அதை உடைத்து 'க்', 'பா' ஆக்கிவிட்டோம்.

எழுத்தொலிகள் எங்கே பிறக்கின்றன என்று சொல்லும் பிறப்பியலில் தொல்காப்பியர் ககாரத்துக்கு முதல்நாவும், அதாவது அடிநாவும், அண்ணமும் என்றார், பகாரத்துக்கு இதழ் இயைதல் என்றார். இதுவோ இரண்டு வீட்டிலும் ஒரே வேளையில் பிறக்கிற பிள்ளை. உற்றுப் பார்த்தால் அடிநா ஒரு கணம் முந்தி அடைக்கும், உதடு ஒரு கணம் பிந்தித் திறக்கும். அதனால்தான் வெளியாள் காதில் வெறும் 'ப' மாதிரி விழுகிறது. நைஜீரியாவின் இன்னொரு மொழியான யொரூபாவில் வெறும் 'ப' என்ற ஒலியே கிடையாது. அவர்கள் ரோமன் எழுத்தில் 'பி' என்று ஒன்றைப் போட்டுவிட்டு 'க்ப' என்று வாசிப்பார்கள். நாம் ஒரே பகரத்தில் பாட்டையும் பஸ்ஸையும் எழுதுகிறோமே, குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இந்த 'க்ப' அரிய ஒலி என்று உங்களுக்குத் தோன்றலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோர் வாயில் இருப்பதை அரிது என்று சொல்வது சரியில்லை. உண்மையில் அரிதானது பப்புவா நியூகினியின் ரோசல் தீவில் இருக்கிறது. யெலி ட்னியே என்ற அந்த மொழியைப் பேசுவோர் சில ஆயிரம் பேர்தான். நம் முதலெழுத்து 30, அவர்களுடைய ஒலிகள் ஏறத்தாழ 90. அங்கே நுனிநாவும் உதடும் சேர்ந்து அடைத்து ஒரே மெய்யாகின்றன. கோணேசர் சந்நிதியில் ஏற்றுகிற 'கற்பூரம்' என்ற சொல்லில் 'க'வை விட்டுவிட்டு 'ற்பூ' என்று தொடங்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். நான் கண்ணாடி முன் பல நாள் முயன்றுவிட்டேன். எச்சில்தான் தெறிக்கிறது.