சின்னமாமியும் சுராங்கனியும்: வரலாற்றில் இடம் கிடைக்காத பாட்டுகள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தின் இசை வரலாறு என்று யாராவது பேசத் தொடங்கினால் பேச்சு எந்த வழியாகப் போகும் என்பது உங்களுக்கும் தெரியும். முதலில் அளவெட்டிக்குப் போகும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி, நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் என்று பெயர்கள் வரும். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு, நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் என்ற அரிச்சந்திர இசைநாடகத்துக்கு. அவர்களுக்கு அந்த இடம் முழுக்கத் தகும். ஆனால் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்தக் குடாநாட்டின் கலியாண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் கிற்றாரோடு ஒலித்த தமிழ்ப் பொப் பாடல்களுக்கு அந்தப் பேச்சில் ஒரு வாக்கியமும் கிடைப்பதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்கவே இன்று வந்திருக்கிறேன்.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்னமாமியே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இளைஞன் மாமியிடம் அவளுடைய இளைய மகள் எங்கே என்று விசாரிக்கிறான். மாமி பதில் சொல்கிறாள். பாட்டில் நடப்பது அவ்வளவுதான். வீட்டு முற்றத்தில் மாமியும் மருமகனும் பேசும் பேச்சு, உள்ளே ஒரு பெண் இருக்கிறாளா இல்லையா என்ற தவிப்பு, எல்லாம் எங்கள் ஊர் முறையில் இருக்கிறது. சினிமாப் பாட்டில் காதலன் நிலவோடும் தென்றலோடும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இந்த இளைஞன் நேரே மாமியிடம் போனான். அந்த வெளிப்படையான குரலைக் கேட்டவர்கள் அதில் தங்களைக் கண்டார்கள்.

அவருடைய 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டு இன்னும் கூர்ந்து கேட்க வேண்டியது. குடிக்காதே என்று கெஞ்சும் பாட்டு அது. தவறணைகளால், அதாவது கள்ளுக்கடைகளால், குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்த ஓர் ஊருக்கு அந்தக் கெஞ்சல் புதிதல்ல. மேடைப் பேச்சிலும் பத்திரிகையிலும் எத்தனையோ முறை கேட்டதுதான். அதைத் துள்ளும் தாளத்தில், கைதட்டிப் பாடும் மெட்டில் வைத்ததால் அறிவுரை கேட்கப் பிடிக்காதவர்களும் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் தமிழ்ப் பிரசாரப் பாட்டுகளில் இவ்வளவு தூரம் போனது வேறொன்று இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அது பைலாத் தாளம், எட்டில் ஆறு. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இந்தத் தீவுக்கு வந்த ஆட்டமும் பாட்டுமே அதன் வேர். போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரும், புத்தளம் சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த மக்களும் அதன் பழைய வடிவங்களை இன்றும் காத்து வருகிறார்கள். 1940களில் வொலி பஸ்தியன்ஸ் அதைச் சிங்களத்தில் மேடைக்குரிய பாட்டாக்கினார். பிறகு வானொலி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போனவர்களும் அங்கே அதைக் கேட்டார்கள். விடுமுறைக்கு யாழ்தேவி ரயிலில் திரும்பி வரும்போது அந்த மெட்டுகளும் அவர்களோடு கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ஏறின.

ஆகவே, "அது எங்களுடையதல்ல, சிங்களப் பைலாவின் பிரதி" என்று ஒரு சாரார் ஒதுக்கினார்கள். "அது இசையே அல்ல" என்று சங்கீதம் கற்றவர்கள் ஒதுக்கினார்கள். இந்த இரண்டாவது ஒதுக்கலுக்கு இங்கே நீண்ட பழக்கம் உண்டு. கோயில் திருவிழாக்களுக்குத் தமிழகத்திலிருந்து சின்னமேளம் என்ற ஆடல் பாடல் குழு வரும். சனம் விடிய விடிய இருந்து பார்க்கும். சீர்திருத்தம் பேசியவர்கள் அதை நிறுத்தினார்கள். நாதஸ்வரமும் தவிலுமான பெரிய மேளம் கௌரவத்தோடு நிலைத்தது. சின்னமேளத்தில் ஆடிப்பாடிய பெண்களின் பெயர்களை நாங்கள் எழுதி வைக்கவில்லை. சனம் விரும்பியது என்பதே ஒரு கலையைத் தாழ்த்திப் பார்க்கப் போதிய காரணமாக இருந்தது. பொப் இசைக்கும் அதே அளவுகோல்தான் வைக்கப்பட்டது. இது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

ஏ. ஈ. மனோகரனின் கதையில் மூன்றாவது ஒதுக்கல் வருகிறது. அவருடைய 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து பாக்குநீரிணையைத் தாண்டியது. 1977 இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அந்த மெட்டு சினிமாப் பாட்டாகவும் வந்துவிட்டது. மனோகரன் சென்னைக்குப் போனார், படங்களில் நடித்தார், அங்கே 'சிலோன் மனோகர்' ஆனார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். இலங்கையில் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று கொண்டாடப்பட்டவர் தமிழகத்தில் ஒரு வேடிக்கைப் பாட்டின் சொந்தக்காரராக மட்டுமே அறியப்பட்டார். பெயரின் முன்னால் 'சிலோன்' ஒட்டியிருந்தும், அந்தச் சிலோனில் இப்படிப் பாடிய ஒரு தலைமுறை இருந்தது என்பதை அங்கே கேட்டவர் குறைவு. திருகோணமலையில் பரமேஷ் என்ற ஒருவர் மெல்லிய காதல் பாட்டுகளைத் தானே இசையமைத்துப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டதும் அங்கே எட்டவில்லை.

இதில் வானொலியின் பங்கு விசித்திரமானது. 1952 இல் இந்தியாவின் தகவல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளைக் கட்டுப்படுத்தினார். அந்தப் பாட்டுகளை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஒலிபரப்பியது. சென்னையில் பதிவான பாட்டைத் தமிழகத்தார் கொழும்பு வழியாகக் கேட்டார்கள். அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் எங்களைவிட அவர்களுக்குப் பிரியமானது என்றுகூடச் சொல்லலாம். அப்படிப்பட்ட நிலையத்தில் உள்ளூர்ப் பாடகருக்குக் கிடைத்த நேரம் சிறிது. அந்தச் சிறு நேரத்தில் நுழைந்து, இத்தனை சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் காதில் தங்க வேண்டுமென்றால் பாட்டு குறுகியதாகவும் முதல் வரியிலேயே பிடித்துக்கொள்வதாகவும் இருக்க வேண்டும். எங்கள் பொப் பாட்டுகளின் வடிவத்தை அந்த நெருக்கடியும் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

பிறகு 1970க்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள். மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றதால் குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக்காரர் கையில் காசு புரண்ட காலம் அது. இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் அதே காலத்தில்தான் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர்ப் படைப்புக்கு இடம் திறந்தது. 1972 இல் 'குத்துவிளக்கு' என்ற உள்ளூர்த் தமிழ்ப் படம் வந்ததும், கிற்றார்க் குழுக்கள் பெருகியதும் அந்தத் திறப்பில்தான். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கசெற்றும் தமிழகத்துப் பாட்டும் வெள்ளமாக வந்தன. வெளியிலிருந்து வந்த சரக்கோடு போட்டியிட முடியாமல் மிளகாய்த் தோட்டக்காரருக்கு நேர்ந்ததே பாடகருக்கும் நேர்ந்தது.

போர்க்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளானது. அப்போது பாட்டுக் கேட்ட விதத்தை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு ஒட்டவைத்து, அதிலிருந்து இரண்டு வயர்களை வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்றுவார். சுற்றும் வேகம் தளர்ந்தால் செய்தி மங்கும். கசெற் என்றால் இன்னும் கடினம்: கை சற்றே சோர்ந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும், அவசரப்பட்டுச் சுற்றினால் கீச்சிடும். ஒரே சீராகச் சுற்றத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வீட்டில் தனி மரியாதை இருந்தது. உலகத்தில் பொப் இசையின் ஊடக வரலாற்றை எழுதுகிறவர்கள் கிராமபோனையும் கசெற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தச் சைக்கிளுக்கும் அதில் ஓர் அத்தியாயம் சேர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சனம் கையில் எடுத்துக்கொண்டது அரிசியையும் பத்திரங்களையும். இசைத்தட்டுகள் அலுமாரிகளிலேயே இருந்துவிட்டன. திரும்பி வந்தவர்களில் பலருக்கு அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. சிங்களப் பொப் இசைக்கு இருக்கும் அளவு பதிவுகள் எங்கள் பாட்டுகளுக்கு இன்று இல்லாததற்கு இது பெரிய காரணம்.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிலருடைய பெட்டிகளுக்குள் அந்தச் சிறிய தட்டுகள் இன்னும் இருக்கின்றன. இந்த ஊரிலும் ஒன்றிரண்டு வீடுகளில் இருக்கக்கூடும். உங்களிடம் இருந்தால் தயவுசெய்து ஈரத் துணியால் துடைக்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். தட்டின் நடுவில் பாடகரின் பெயர் இருக்கும். கிற்றார் வாசித்தவர், பொங்கோ தட்டியவர், பின்னணியில் சேர்ந்து பாடிய தங்கச்சிமார் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்திலேயே நூலக நிறுவனம் போன்றவர்கள் ஆவணங்களை எண்மமாக்கி வருகிறார்கள். தட்டைக் கொடுக்க மனமில்லாவிட்டால் பதிவெடுக்க மட்டும் கொடுங்கள்.

நன்றி. வணக்கம்.