ஆள் எப்படின்னு கேட்டா இங்கிலீஷ்ல என்ன சொல்றது?

அடுத்த கேள்வி பெங்களூரு மாரத்தஹள்ளியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. ஐடி கம்பெனியில வேலை. "டீம்ல புதுசா சேர்ந்தவங்களைப் பத்தி அமெரிக்க கிளையன்ட் கேட்டா, ஹி இஸ் குட், ஷி இஸ் நைஸ், இதுக்கு மேல வார்த்தை வரமாட்டேங்குது"ன்னு எழுதியிருக்காங்க.

முதல்ல கேள்வியைச் சரியா காதுல வாங்கணும்மா. "ஹௌ இஸ் ஹி?"ன்னா பெரும்பாலும் ஆள் நல்லா இருக்காரான்னு விசாரிக்கிறாங்க. "வாட் டஸ் ஹி லுக் லைக்?"ன்னா பார்க்க எப்படி இருப்பார். "வாட் இஸ் ஹி லைக்?"ன்னா குணம் எப்படி. இந்தக் கடைசி கேள்விக்குத்தான் நிறைய பேர் "ஹி லைக்ஸ் கிரிக்கெட்"னு பதில் சொல்லி மாட்டிக்கிறாங்க. அங்க வர்ற லைக்குக்கும் பிடிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. பதில்ல அந்த லைக் வரவும் கூடாது. "ஹி இஸ் ஃபிரெண்ட்லி", அவ்வளவுதான்.

தோற்றம் சுலபம். வயசு, உயரம், உடல்வாகு, முடி, அப்புறம் மீதி. "ஹி இஸ் இன் ஹிஸ் மிட் தர்ட்டீஸ், மீடியம் ஹைட், ஸ்லிம், வித் ஷார்ட் கர்லி ஹேர். ஹி ஹேஸ் எ பியர்ட்." மிட் தர்ட்டீஸ்னா 34ல இருந்து 36 வரைக்கும். "ஹி இஸ் ஹேவிங் எ பியர்ட்"னு சொல்லாதீங்க. ஒருத்தர்கிட்ட இருக்கிற அடையாளத்தைச் சொல்றப்போ ஹேவ்ல இங் சேராது. ஹேர்ஸ்னும் வேண்டாம், அது உதிர்ந்து கிடக்கிற தனித்தனி முடி. வீட்டிஷ் காம்ப்ளெக்ஷன், அதாவது கோதுமை நிறம்கிறது நம்ம நாட்டு மேட்ரிமோனியல் விளம்பரத்துக்கு வெளியில யாருக்கும் புரியாது. ஆபீஸ்ல ஒருத்தரோட நிறத்தைப் பேசவே தேவையில்ல.

குணத்துக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கதான், ஏன்னா நாம தினமும் பேசுற சில வார்த்தைகள் அந்தப் பக்கம் வேற அர்த்தத்துல போய் விழும். நாம பாராட்டா "ஷி இஸ் ஹோம்லி"ங்கிறோம். அமெரிக்கர் காதுல அது "பார்க்க லட்சணமா இல்ல"ன்னு கேக்கும்! வார்ம்னோ ஃபேமிலி ஓரியன்டட்னோ சொல்லுங்க. மூடி டைப்னா நமக்கு அதிகம் பேசாதவர். அவங்களுக்கு, நிமிஷத்துக்கு நிமிஷம் மூட் மாறி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறவர். பேசாதவர் ரிசர்வ்ட், இல்லன்னா குவயட். பந்தா இல்லாத ஒருத்தரை "வெரி சிம்பிள்"னு சொன்னா புத்தி கொஞ்சம் மந்தம்னு எடுத்துக்க வாய்ப்பிருக்கு. டவுன் டு எர்த்னா பிரச்சினையே இல்ல. ஆபீஸ்ல அதிகமா தப்பா போறது சின்சியர். நாம ஒழுங்கா வேலை பார்க்கிறவரைச் சொல்றோம், அவங்க மனசுல இருக்கிறதை உண்மையா பேசுறவர்னு எடுத்துக்குவாங்க. வேலைக்கு ஹார்ட்வொர்க்கிங், அல்லது கான்ஷியன்ஷியஸ், அதாவது பொறுப்பா கவனமா செய்யறவர்.

ஒரே குணத்துக்கு ரெண்டு வார்த்தை இருக்கும்கிறதையும் பார்க்கணும். சிக்கனக்காரர், கஞ்சன்னு நாம பிரிச்சுச் சொல்றோம்ல? அதே மாதிரி த்ரிஃப்டி, ஸ்டிஞ்சி. விடாப்பிடியா நிக்கிறவரைப் பிடிச்சா டிடர்மின்ட், பிடிக்கலைன்னா ஸ்டபர்ன். எதைச் சொன்னாலும் அவரைப் பத்தின உங்க அபிப்பிராயமும் சேர்ந்தே வெளியில வந்துடும்.

குறை சொல்ல வேண்டியிருந்தா "ஹி இஸ் ரூட்"னு முத்திரை குத்தாம, "ஹி கேன் பி எ பிட் பிளன்ட்"னு சொல்லுங்க. பிளன்ட்னா பூசி மெழுகாம பட்டுன்னு பேசுறவர். கேன் பி போட்டா சில நேரம் மட்டும்னு ஆகுது, எ பிட் அளவைக் குறைக்குது. மேனேஜரைப் பத்திப் பேசும்போது இந்த ரெண்டும் ரொம்ப உதவும்.

வெறும் குணச்சொல்லோட நிறுத்திடாதீங்க, பக்கத்துலயே ஒரு ஆதாரம் வையுங்க. "ஷி இஸ் ரிலையபிள்"னு மட்டும் சொன்னா கிளையன்ட் ஓகேன்னு சொல்லிட்டு மறந்துடுவார். "ஷி ஹேஸ்ன்ட் மிஸ்ட் எ டெட்லைன் திஸ் குவார்ட்டர்"னு சேர்த்தா நிக்கும். வெரி வெரின்னு அடுக்குறதால அந்த பலம் வராது.

அந்தத் தங்கச்சிக்கு, அடுத்த கிளையன்ட் கால்ல மாத்தி மாத்திப் பயன்படுத்த ஒரு மாதிரி பதில்: "ஹி இஸ் குவயட் பட் வெரி தரோ. ஹி செக்ஸ் எவ்ரி டெஸ்ட் கேஸ் பிஃபோர் சைனிங் ஆஃப். ஹி கேன் பி எ பிட் ஸ்லோ டு ஆஸ்க் ஃபார் ஹெல்ப், ஸோ ஐ செக் இன் வித் ஹிம் டெய்லி." மூணே வாக்கியம். முதல்ல குணம் (தரோன்னா எதையும் விடாம முழுசா செய்யறவர்), ரெண்டாவது ஆதாரம் (சைனிங் ஆஃப்னா வேலை சரியா முடிஞ்சதுன்னு ஒப்புதல் கொடுக்கிறது), மூணாவதுல குறையும் அதுக்கு நீங்க செய்யறதும்.